விவாதம்: ஜோ பட்டர்னோவின் சிலை திரும்ப வர வேண்டுமா?

நிலவன் (இழையைத் தொடங்கியவர்)

ஜோ பட்டர்னோவைப் பற்றிய பேச்சு வேறோர் இழையின் நடுவே கிளம்பி, அங்கே பேசிக்கொண்டிருந்த விஷயத்தையே மூழ்கடித்துவிட்டது. ஆகவே தனி இழை. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பெயர் இருக்கட்டும். 2012-ல் அங்கே இறக்கப்பட்ட அவருடைய சிலை திரும்ப வரக் கூடாது.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பட்டர்னோ புரூக்ளினில் பிறந்து, பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1950-ல் துணைப் பயிற்சியாளராகப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார் (பென் ஸ்டேட் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்). 1966 முதல் 2011 வரை தலைமைப் பயிற்சியாளர். 409 வெற்றிகள், 1982-லும் 1986-லும் தேசியப் பட்டம். தொழில்முறை அணி ஒன்று பெரும் சம்பளத்தோடு அழைத்தபோதும் போகவில்லை. ஆட்டக்காரன் வகுப்புக்குப் போக வேண்டும், பட்டம் வாங்க வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு. அவருடைய அணியின் சட்டைகளில் ஆட்டக்காரர் பெயர் இருக்காது. அவரும் மனைவி சூவும் 40 லட்சம் டாலருக்கு மேல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்கள். ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் பெயரை நூலகத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்பதே அவர் எப்படி மதிக்கப்பட்டார் என்பதைச் சொல்லும்.

அவருக்குக் கீழே ஏறத்தாழ 30 ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்ரி சான்டஸ்கி. 1977-ல் 'த செகண்ட் மைல்' என்ற பெயரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கான தொண்டு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். பிற்பாடு நீதிமன்றத்தில் வெளிப்பட்டபடி, தன் பாலியல் கொடுமைக்கான பிள்ளைகளை அவர் அந்த அமைப்பின் வழியாகத்தான் தேர்ந்தெடுத்தார். 1998-ல் ஒரு தாய் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகக் காவல்துறை விசாரித்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டவில்லை. 1999-ல் சான்டஸ்கி ஓய்வு பெற்றார். ஆனால் கட்டடங்களின் சாவி அவர் கையிலேயே இருந்தது.

2001 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மைக் மெக்குவியரி என்ற இளம் உதவியாளர், கால்பந்துக் கட்டடத்தின் குளியலறையில் சான்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்தார். மறுநாள் காலையில் பட்டர்னோவின் வீட்டுக்கே போய்ச் சொன்னார். பட்டர்னோ ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னார். காவல்துறைக்கு யாரும் சொல்லவில்லை, குழந்தைகள் நலத்துறைக்கும் சொல்லவில்லை. அந்தச் சிறுவன் யார் என்று எவரும் தேடவில்லை.

சான்டஸ்கி கைதானது 2011 நவம்பர் 5-ல். இடையில் பத்து ஆண்டுகளுக்கு மேல். அந்த ஆண்டுகளில் சீரழிக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டர்னோ நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையை நான் நடத்தவில்லை. ஒரு மனிதரை வெண்கலத்தில் நிறுத்தினால், இவரைப் போல இருங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்கிறோம். அந்தப் பத்து ஆண்டுகளை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

வைகைக்கரை

நிலவன் தம்பி, நீங்கள் எழுதியதில் தவறான தகவல் எதுவும் இல்லை. முடிவுதான் சரியில்லை. நான் முப்பது ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழிலில் இருப்பவன். ஒருவருக்குத் தெரிந்தது என்ன, அவர் செய்தது என்ன, செய்யக் கடமைப்பட்டது என்ன என்று மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

பட்டர்னோ கண்ணால் எதையும் பார்க்கவில்லை. பார்த்தவர் மெக்குவியரி. கேட்டதை மறுநாளே மேலதிகாரியிடம் சொன்னார். பல்கலைக்கழகக் காவல்துறையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த துணைத்தலைவர் கேரி ஷுல்ட்ஸும் அந்தப் பேச்சில் சேர்ந்துவிட்டார். அன்றைய பென்சில்வேனியச் சட்டப்படி, ஊழியர் தன் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் சொன்னால் போதும். பட்டர்னோ மீது எந்தக் குற்றச்சாட்டும் வைக்கப்படவில்லை என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1998-ல் ஒரு தாயின் புகார், காவல்துறை விசாரணை, அரசு வழக்கறிஞர் எல்லாம் இருந்தும் சான்டஸ்கி வெளியே நடமாடினார். தொழிலாகவே விசாரிப்பவர்களால் முடியாததை 74 வயதுப் பயிற்சியாளர் ஒருவர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்கிறீர்கள்.

அப்புறம் ஃப்ரீ அறிக்கை. எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் லூயிஸ் ஃப்ரீ 2012 ஜூலையில் 267 பக்கத்தில் எழுதி, பட்டர்னோ, கர்லி, ஷுல்ட்ஸ், பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பானியர் ஆகிய நான்கு பேரும் சேர்ந்து மறைத்தார்கள் என்றார். அந்த நான்கு பேரில் பட்டர்னோ இறந்துவிட்டார். கர்லியும் ஷுல்ட்ஸும் ஃப்ரீயிடம் பேசவில்லை. கண்ணால் கண்ட மெக்குவியரியையும் அவர் குழு விசாரிக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு பத்து நாளில் சிலையை இறக்கினார்கள். பட்டர்னோ குடும்பம் அமர்த்திய முன்னாள் அட்டர்னி ஜெனரல் டிக் தார்ன்பர்க், அந்த முடிவுகளுக்கு ஆதாரம் போதாது என்று 2013-ல் எழுதினார். அதைப் படித்தவர்கள் இங்கே எத்தனை பேர்?

கரிசல்

வைகைக்கரை ஐயா சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 2012-ல் 1998 முதல் 2011 வரையிலான வெற்றிகளை அழித்தது. பட்டர்னோவின் கணக்கு 409-லிருந்து 298 ஆனது. அந்த 111 ஆட்டங்களை ஆடி வென்றது பிள்ளைகள். சான்டஸ்கி யாரென்றே தெரியாத 19 வயதுப் பையன் வென்ற ஆட்டத்தை எந்த நியாயத்தில் அழிப்பது? 2015-ல் வழக்கின் சமரசத்தில் அந்த வெற்றிகள் திரும்பி வந்தன. வந்தது சரியே.

நிலவன்

கரிசல், வெற்றிகள் திரும்ப வந்ததில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆட்டம் நடந்தது, வென்றார்கள், ஏட்டில் இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தீர்வை 'பட்டர்னோ நிரபராதி' என்ற தீர்ப்பாகச் சிலர் கொண்டாடினார்கள். என்.சி.ஏ.ஏ.வுக்கு அப்படித் தண்டிக்கும் அதிகாரம் இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. 2001-ல் யார் என்ன செய்தார்கள் என்பதை அந்தச் சமரசம் தொடவே இல்லை.

வைகைக்கரை ஐயாவுக்கு:

> கேட்டதை மறுநாளே மேலதிகாரியிடம் சொன்னார்.

யார் அந்த மேலதிகாரி? 2004-ல் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பானியரும் இதே கர்லியும் பட்டர்னோவின் வீட்டுக்குப் போய், ஓய்வு பெறுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு ஏழு ஆண்டுகள் பதவியில் இருந்தார். தலைவரே வந்து கேட்டும் அசையாத மனிதர், குளியலறை விஷயத்தில் மட்டும் படிநிலைக்குக் கட்டுப்பட்ட சாதாரண ஊழியராகிவிடுவாரா? காகிதத்தில் கர்லி மேலதிகாரிதான். அந்த ஊரில் பட்டர்னோவுக்கு மேலே யாரும் இருந்ததில்லை.

கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்ட ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் குழு) முன் 2011 ஜனவரியில் அவரே சொன்ன சாட்சியம் இருக்கிறது. மெக்குவியரி சொன்னது பாலியல் தன்மை உள்ளது என்று தமக்குப் புரிந்தது என்றார். உடனே கூப்பிடாததற்கு அவர் சொன்ன காரணம், சனிக்கிழமை காலை, அதிகாரிகளுடைய வார விடுமுறையைக் கெடுக்க விரும்பவில்லை என்பது. ஃப்ரீயின் ஊகங்கள் எதுவும் எனக்குத் தேவையில்லை ஐயா. பட்டர்னோவின் வாய்மொழியே போதும்.

கோமதி

எல்லோரும் 2001-லேயே நிற்கிறீர்கள். அந்த ஊர் முழுவதும் எப்படி ஏமாந்தது என்பதையும் பேச வேண்டும். நான் 22 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள், இந்த விஷயத்தில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பிள்ளைகளைச் சீரழிப்பவன் முதலில் பிள்ளையை வசப்படுத்துவதில்லை. சுற்றியிருக்கும் பெரியவர்களைத்தான் முதலில் வசப்படுத்துகிறான். சான்டஸ்கி தத்துப்பிள்ளைகளை வளர்த்தவர், ஏழைப் பிள்ளைகளுக்காக அமைப்பு நடத்தியவர், பரிசுகள் வாங்கியவர். தகப்பன் இல்லாத பையனுக்கு ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கிறது, ஆட்டக்காரர்களோடு நிற்க முடிகிறது, புதுக் காலணி கிடைக்கிறது. தாய் நன்றியோடு இருக்கிறாள். அந்தப் பையன் வாய் திறந்தால் யார் நம்புவார்கள்? வழக்கைக் கடைசியில் திறந்துவிட்ட சிறுவன் தன் பள்ளியில் சொன்னபோது அவனுக்குக் கிடைத்த பதில், சான்டஸ்கி தங்கமான மனிதர் ஆயிற்றே என்பதுதான். 2008-ல் அந்தப் பிள்ளையும் அவன் தாயும் விடாமல் நின்றதால்தான் விசாரணையே தொடங்கியது. இந்தக் கதையில் யாருக்காவது சிலை வைக்க வேண்டுமென்றால் எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது.

ஆகவே பட்டர்னோ நம்ப மறுத்தார் என்றால் எனக்குப் புரிகிறது. முப்பது ஆண்டுகள் பக்கத்தில் நின்றவனைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னால் மனம் ஏற்காது. ஆனால் புரிவது வேறு, மன்னிப்பது வேறு. அவர் மனம் சான்டஸ்கியை நினைத்துக் கலங்கியிருக்கலாம், பல்கலைக்கழகத்தை நினைத்துப் பயந்திருக்கலாம். அந்தக் குளியலறையில் இருந்த பத்து வயதுப் பிள்ளை எங்கே, எப்படி இருக்கிறான் என்று ஒரு கேள்வி அவரிடமிருந்து வரவில்லை. ஸ்பானியர், கர்லி, ஷுல்ட்ஸ் மூவரும் அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்களில் சான்டஸ்கியை எப்படிக் கண்ணியமாக நடத்துவது என்பதற்கு அவ்வளவு யோசனை இருக்கிறது. பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. பட்டர்னோ மின்னஞ்சல் எழுதுபவர் அல்ல. ஆனால் அவரோடு பேசிவிட்டுத்தான் மனம் மாறியது என்று கர்லி எழுதியிருக்கிறார்.

வைகைக்கரை

கோமதி அம்மா, கர்லியின் மின்னஞ்சலைச் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறீர்கள். முதலில் குழந்தைகள் நலத்துறைக்குச் சொல்வதாக இருந்தார்கள். பிப்ரவரி 27-ல், 'நன்றாக யோசித்த பிறகும் நேற்று ஜோவிடம் பேசிய பிறகும்' அந்தத் திட்டம் தனக்குச் சங்கடமாக இருப்பதாகக் கர்லி எழுதுகிறார். ஆனால் ஜோ என்ன சொன்னார் என்று அதில் இல்லை. 'சொல்லாதே' என்றாரா, 'நீயே முடிவு செய்' என்றாரா? தெரியாத இடத்தை நிரப்பித்தான் உலகம் அவரைக் குற்றவாளியாக்கியது. உயிரோடு இருந்தால் பதில் சொல்லியிருப்பார். 2011 நவம்பர் 9 இரவு தொலைபேசியில் பதவியைப் பறித்தார்கள். 2012 ஜனவரி 22-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். குறுக்கு விசாரணை செய்ய முடியாத மனிதர் மீது எதையும் சுமத்திவிடலாம்.

பிட்ஸ்பர்க்வாசி

நான் பென் ஸ்டேட்டில் படித்தவன். இப்போதும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டேட் காலேஜ் சிறிய ஊர். பீவர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர் உட்காரலாம். ஆட்ட நாளில் ஊரின் மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அந்த ஒரே இடத்தில் இருக்கும். டிக்கெட் வரிசையில் முன்னிடம் பிடிக்க மாணவர்கள் அரங்கத்துக்கு வெளியே கூடாரம் போட்டுத் தங்குவார்கள், 2012 வரை அந்த இடத்துக்குப் பெயரே 'பட்டர்னோவில்'. பல்கலைக்கழக ஐஸ்கிரீம் கடையில் அவர் பெயரில் ஒரு சுவை உண்டு. ஊர் நடுவில் சுவரோவியம் ஒன்றில் அவர் இறந்த பிறகு தலைக்கு மேல் ஒளிவட்டமே வரைந்தார்கள். ஃப்ரீ அறிக்கை வந்ததும் ஓவியர் அதை அழித்தார். அதே ஓவியத்தில் சான்டஸ்கி இருந்த இடத்தில் இப்போது, பாலியல் வன்முறையிலிருந்து மீண்டு அதற்கு எதிராகப் போராடும் ஒரு பெண் இருக்கிறார்.

பதவி பறிக்கப்பட்ட இரவு மாணவர்கள் தெருவில் இறங்கித் தொலைக்காட்சி வண்டியைக் கவிழ்த்தார்கள். உலகமே அதைத்தான் காட்டியது. இரண்டு நாள் கழித்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். இரண்டும் அதே ஊர், பல முகங்கள் இரண்டிலும் இருந்தன. பட்டர்னோவை நேசித்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று எழுதுபவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

ஆனால் பழைய மாணவர்கள் சிலரோடும் எனக்குக் கோபம் உண்டு. மெக்குவியரியை அவர்கள் நடத்திய விதம் சகிக்க முடியாதது. பார்த்ததைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவருக்கு வேலை போனது. பழிவாங்கப்பட்டதாக வழக்குப் போட்டு 2016-ல் 73 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். உள்ளே பாய்ந்து தடுத்திருக்க வேண்டும் என்று அவரைப் பழிக்கிறவர்கள், மறுநாள் வீட்டில் உட்கார்ந்து கேட்டவருக்கு மட்டும் சலுகை கொடுக்கிறார்கள்.

வைகைக்கரை ஐயா, 1998 பற்றி நீங்கள் எழுதியது பட்டர்னோவுக்கு உதவாது. அந்த விசாரணை நடக்கும்போது கர்லி, பயிற்சியாளர் விவரம் அறியத் துடிக்கிறார் என்று ஷுல்ட்ஸுக்கு எழுதியிருக்கிறார். அந்தப் 'பயிற்சியாளர்' பட்டர்னோதான் என்று ஃப்ரீ சொல்கிறார், குடும்பம் மறுக்கிறது. கிராண்ட் ஜூரியில் கேட்டபோது, வேறு எதுவும் நினைவில்லை என்றார் பட்டர்னோ. அவருக்கு 1998 தெரிந்திருந்தால் 2001-ல் கேட்டது இரண்டாவது முறை.

கரிசல்

1976-லேயே ஒரு சிறுவன் பட்டர்னோவிடம் நேரடியாகச் சொன்னான் என்று 2016-ல் செய்தி வந்ததே, அதை ஏன் யாரும் தொடவில்லை?

பிட்ஸ்பர்க்வாசி

வேண்டுமென்றேதான் தொடவில்லை. காப்பீட்டு நிறுவனத்தோடு நடந்த வழக்கில் வெளிவந்த சாட்சியம் அது. குடும்பம் உறுதியாக மறுத்தது. எந்த நீதிமன்றமும் அது உண்மையா என்று விசாரித்து முடிவு சொல்லவில்லை. உண்மையாக இருந்தால் இந்த இழையே தேவையில்லை. நிரூபிக்கப்படாததை வைத்து நான் வாதாட மாட்டேன், 2001 போதும்.

மட்டுறுத்துநர்

பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். சிலர் தாமாக முன்வந்து பேசியிருந்தாலும், இங்கே பெயர்கள் வேண்டாம்.

நிலவன்

நன்றி. வைகைக்கரை ஐயாவின் கடைசிக் கருத்துக்கு வருகிறேன். பட்டர்னோவால் பதில் சொல்ல முடியவில்லை என்கிறீர்கள். ஓரளவு சொன்னார். 'இன்னும் அதிகம் செய்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது' என்று பதவி போன அன்றே அறிக்கை விட்டார். இறப்பதற்குச் சில நாள் முன்பு வந்த நாளிதழ்ப் பேட்டியில், இதை எப்படிக் கையாள்வது என்று தெரியவில்லை, பல்கலைக்கழக நடைமுறையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்தேன், ஆகவே என்னைவிட விவரம் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டேன் என்ற பொருளில் சொன்னார். அந்தப் பேட்டியை அவருடைய பெரிய ஆதரவாளர்கள்கூட அடிக்கடி மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கோ அவர் மீது மரியாதை மிச்சமிருப்பதே அந்தப் பேட்டியால்தான்.

மற்ற மூவரும் உயிரோடு இருந்து பதில் சொன்னார்கள். 2017-ல் கர்லியும் ஷுல்ட்ஸும் பிள்ளைகளை ஆபத்தில் விட்ட குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்; ஸ்பானியர் மீது ஜூரி தீர்ப்பளித்தது, மேல்முறையீடுகளுக்குப் பின் 2021-ல் சிறை சென்றார். தண்டனை வழங்கிய நீதிபதி, பட்டர்னோவும் கையை அழுக்காக்கிக்கொள்ளாமலேயே அந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்திருக்கலாம் என்று சொன்னார்.

வைகைக்கரை

நீதிபதி தன் முன் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொன்னது அது. தீர்ப்பின் பகுதி ஆகாது.

இருந்தாலும் நூலகத்துக்கும் சிலைக்கும் நீங்கள் காட்டும் வேறுபாட்டை நான் ஏற்கவில்லை, தம்பி. பெயர் கறைபட்டது என்றால் இரண்டிலிருந்தும் எடுங்கள். நைக்கி நிறுவனம் தன் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது. அது ஒரு நிலைப்பாடு, எனக்குப் பிடிக்காவிட்டாலும் புரிகிறது. பணம் கொடுத்த இடத்தில் பெயர் இருக்கட்டும், உழைப்பு கொடுத்த இடத்தில் வேண்டாம் என்பது எப்படி நியாயம்? ஆயிரக்கணக்கான இளைஞர்களை உருவாக்கினார். அவரிடம் ஆடிய ஃபிராங்கோ ஹாரிஸ் போன்றவர், தனக்கு வருவாய் தந்த வாய்ப்பை இழந்தும், இறக்கும்வரை அவருக்காகப் பேசினாரே. அவர்கள் பொய்யா?

நிலவன்

அவர்கள் பொய் அல்ல, ஐயா. அவர்களுக்குக் கிடைத்த பட்டர்னோ உண்மையானவர். அந்த நன்றியை யாரும் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. நூலகம் நடந்த ஒரு கொடையின் பதிவு; அவரும் சூவும் கொடுத்தார்கள், அது உண்மை. 2012-ல் சிலையை இறக்கிய பல்கலைக்கழகத் தலைவர் ராட்னி எரிக்சனும் நூலகப் பெயரை அப்படியே விட்டார். சிலையின் பின்சுவரில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருக்கிறதா? கல்வியாளர், பயிற்சியாளர், மனிதநேயர். முதல் இரண்டுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். மூன்றாவதை, அவர் கட்டடத்தில் அழுதிருக்கக்கூடிய பிள்ளை வளர்ந்து ஆளாகி அந்த வழியே நடந்துபோகும் ஊரில் பொறிக்க முடியாது. பல்கலைக்கழகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்திருக்கிறது. அவர்கள் எண்ணிக்கை முப்பதைத் தாண்டும். அவர்களில் பலர் இன்னும் அந்த மாநிலத்தில்தான் வாழ்கிறார்கள்.

கோமதி

மிச்சிகன் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். போ ஷெம்பெக்லர் அங்கே பட்டர்னோ போன்றவர். அவருடைய அணி மருத்துவர் ராபர்ட் ஆண்டர்சன் பல ஆண்டுகள் மாணவர்களைச் சீரழித்தார். 2022-ல் ஏறத்தாழ 1,050 பேருக்கு 49 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். சிறுவயதிலேயே அப்பாவிடம் சொன்னேன் என்று ஷெம்பெக்லரின் மகனே 2021-ல் முன்வந்து பேசினார். குடும்பத்தில் மற்றவர்கள் மறுத்தார்கள். அங்கே சிலை இறக்கப்படவில்லை. ஆகவே பட்டர்னோ ஆதரவாளர்கள், எங்களுக்கு மட்டும் ஏன் தண்டனை என்று கேட்கும்போது அதில் நியாயம் இருக்கிறது. அதற்குத் தீர்வு மிச்சிகனிலும் அதே கேள்வியைக் கேட்பதுதான்.

கரிசல்

ஒரு சந்தேகம். மேலதிகாரியிடம் சொன்னால் போதும் என்ற சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறதா?

பிட்ஸ்பர்க்வாசி

இல்லை. இந்த வழக்குக்குப் பிறகு பென்சில்வேனியா 2014-ல் பல சட்டங்களைத் திருத்தியது. இப்போது பயிற்சியாளரோ ஆசிரியரோ சந்தேகம் வந்தால் தாமே நேரடியாக மாநிலத்தின் குழந்தைப் பாதுகாப்பு மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டுப் பிறகுதான் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். மேலே சொல்லிவிட்டேன் என்று கையைக் கழுவ முடியாது.

வைகைக்கரை

அந்தச் சட்டம் 2001-ல் இருந்திருந்தால் பட்டர்னோ ஞாயிற்றுக்கிழமைக்குள் அழைத்திருப்பார் என்று நான் நம்புகிறேன். விதியை மீறாத மனிதர் அவர்.

கோமதி

நானும் அப்படியே நம்புகிறேன், ஐயா. சட்டம் சொல்லாவிட்டாலும் அழைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். தன் மாணவர்களிடம் அவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.